நாய்க்குத் துக்கம் காப்பது பிழையா?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் தனிவீடு என்பது அரிதாகிவிட்டது. தொடர்மாடியின் ஐந்தாம் ஆறாம் தளத்தில் வளர்ந்த நாய் செத்தால் புதைப்பதற்கு ஒரு முழ நிலம் கிடையாது. பழைய துவாயில் சுற்றி, லிஃப்டில் இறக்கி, வத்தளையிலோ தெகிவளையிலோ வளவு வைத்திருக்கும் உறவினரிடம் கொண்டுபோக வேண்டும். கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகள் சிலவற்றில் இன்னும் பின்வளவு மிஞ்சியிருக்கிறது. அங்கிருப்பவர்கள் பாடு கொஞ்சம் பரவாயில்லை. லிஃப்டில் கூட ஏறுகிற அயல்வீட்டுக்காரர் மூட்டையைப் பார்த்து என்னவென்று கேட்பார். சொன்னதும், "ஓ, நாயோ" என்பார். அவர் கெட்டவரல்ல. மனிதச் சாவென்றால் சமைத்துக் கொண்டுவந்து தந்து, இரவிரவாகக் கூட இருப்பவர்தான். நாய்ச் சாவுக்கு என்ன சொல்வதென்று அவருக்கு யாரும் பழக்கவில்லை.

மனிதருக்குச் செத்தவீடு உண்டு. எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, படம் போட்ட கல்வெட்டுப் புத்தகம். கத்தோலிக்கருக்கு முப்பத்தோராம் நாள் பூசை. இவை எல்லாம் செத்தவருக்கு மட்டுமல்ல, அழுகிறவருக்குமான ஏற்பாடுகள். நாயை இழந்தவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அடுத்த நாள் காலை வேலைக்குப் போக வேண்டும், முகம் வீங்கியிருப்பதற்குத் தடிமன் என்று காரணம் சொல்ல வேண்டும். சமூகம் ஏற்றுக்கொள்ளாத இத்தகைய துக்கத்துக்கு அமெரிக்க அறிஞர் கெனத் டோக்கா 1989இல் தனிப்பெயரே இட்டு எழுதினார். வெளியே காட்ட இடமில்லாததால் அது நீளும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் எதிர்வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. "மனிசர் செத்ததுக்கே அழ வழியில்லாமல் இருந்த சனம் நாங்கள். நாய்க்கு என்ன அழுகை?" இந்தக் கேள்வி கேட்கப்படும் இடம் முக்கியம். 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உடுத்த உடையோடு ஓடியவர்கள் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலும் இரத்மலானை விமான நிலையத்திலும் அகதிகளாகக் கிடந்து, கப்பலேறிக் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தார்கள். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில், கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்தில், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுப் பூசையில் குண்டு வெடித்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரக் கொட்டகைகளில் படத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு உடலும் கிடைக்கவில்லை, அந்தியேட்டி நாளும் கிடைக்கவில்லை. இவற்றின் முன்னே ஒரு நாயின் சாவு வசதியுள்ளவரின் கவலை போலத் தெரிவதில் வியப்பில்லை.

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அது போய் விழுகிற இடம்தான் பிழை. துக்கம் கூப்பன் அரிசி அல்ல. நாய்க்கு அளந்து கொடுத்தால் மனிதருக்குக் குறைந்துவிடும் என்று எண்ணுவதற்கு. பெரும்பாலும் இரண்டு துக்கமும் ஒரே ஆளுக்குள்தான் இருக்கின்றன. பிள்ளைகள் டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்க, தொடர்மாடியில் தனித்திருக்கும் வயதான பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். 83இல் அவளுடைய தம்பி போனபோது அழ நேரம் இருக்கவில்லை, ஓட வேண்டியிருந்தது. இப்போது பன்னிரண்டு வயது நாய் செத்ததற்கு நாட்கணக்கில் அழுகிறாள். "அவ தம்பிக்குத்தான் அழுறா" என்று வீட்டில் சொல்லுவார்கள். பாதி உண்மை. தம்பிக்கான கண்ணீரும் அதில் கலந்திருக்கலாம். அதனால் நாய்க்குரிய பங்கு இல்லாமற் போகாது. காலையில் அவள் எழும்பும் வரை கட்டிலடியில் காத்துக்கிடந்தது அந்த நாய்தான். அந்த நாய்க்காகவே அழுவதற்கு அவளுக்கு உரிமை உண்டு. அதற்கு இன்னொரு பெரிய காரணம் காட்டி அனுமதி வாங்க வேண்டியதில்லை.

நம் முன்னோர் இதில் இவ்வளவு கூச்சப்படவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. மந்தைக்காக நடந்த தொறுப்பூசலில் பட்ட வீரன் கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல். அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். போரில் மனிதர் செத்துக்கொண்டிருந்த காலம்தான் அது. நாயின் பெயரைப் பொறித்ததால் வீரனுக்குரிய மதிப்புக் குறையும் என்று கல் வெட்டியவர் நினைக்கவில்லை. இந்தத் தீவின் கதையும் ஒன்று உண்டு. அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளனின் ஆராய்ச்சி மணியைக் கன்றை இழந்த பசு அடித்தது. தேர்க்காலில் கன்று நசுங்கக் காரணமான மகனையே அரசன் தண்டித்தான் என்று மகாவம்சம் சொல்கிறது. தண்டனை கொடியது, அதைப் போற்றுவது சரியா என்பது வேறு வழக்கு. ஆனால் ஒரு விலங்கின் இழப்பும் வாசலில் நின்று கேட்கத்தக்க முறைப்பாடு என்று அந்தக் கதையைச் சொன்னவர்கள் ஏற்றிருக்கிறார்கள்.

நாய்க்கு அழுவது எப்போது பிழையாகிறது? நாய் வளர்ந்த வீட்டுக் குசினியில் பார்த்தால் தெரியும். மலையகத்திலிருந்து வந்து சமைத்துக் கூட்டித் துடைக்கும் பெண் ஒருத்தி அங்கே இருப்பாள். நாய்க்குக் கோழி அவித்துக் கொடுப்பவள் அவள். அவளுக்கு நேற்றைய சோறு. நாய் செத்தபோது வீட்டுக்காரர் மூன்று நாள் வெளியே வரவில்லை. அவளுடைய தாய் செத்தபோது, "நாளைக்கு இரவு பஸ்ஸுக்குத் திரும்பி வந்திடு" என்று அனுப்பினார்கள். இங்கே குற்றம் நாய்க்காக வடித்த கண்ணீரில் இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கொடுக்காத விடுமுறையில் இருக்கிறது. அவளும் அந்த நாயைக் குளிப்பாட்டியவள்தான். அவளிடம் யாரும் துக்கம் விசாரித்திருக்க மாட்டார்கள்.

சாகிற நாயிடம் கடமையும் உண்டு. 2006இல் தெருநாய்களைக் கொல்வதில்லை என்று அரசு கொள்கையாக முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனால் சிலர் அதன் நிழலில், நோயுற்ற கிழநாயைச் சந்தையடியில் விட்டுவிட்டு, "நாங்கள் கொல்லேல்லையே" என்று ஆறுதல் தேடுகிறார்கள். காலி வீதியில் அது எத்தனை நாள் தாங்கும்? ஊசி போட்டு முடிப்பது பாவம் என்று அஞ்சும் சைவரும் பௌத்தரும் இங்கே பலர்; மிருக வைத்தியர்களிலும் தயங்குவோர் உண்டு. அந்த அச்சம் மதிக்கத்தக்கது. வலியை மருந்தால் தணிக்க முடிகிற வரை கூட இருந்து பார்க்கலாம். தணிக்கவே முடியாது என்று வைத்தியர் சொன்ன பிறகும் இழுத்தடிப்பது, நம் கை சுத்தமாக இருப்பதற்கு நாயை வலி தாங்கச் சொல்வதாகும். ஊசிக்குச் சம்மதிப்பதென்றால் கடைசி மூச்சு வரை அறைக்குள் நிற்க வேண்டும். சீவக சிந்தாமணியில், அடிபட்டுச் சாகக் கிடந்த நாயைச் சீவகனால் பிழைக்க வைக்க முடியவில்லை. அருகில் இருந்து அதன் காதில் மந்திரம் ஓதினான்.

இன்னொரு கடமை கடினமானது. செத்த நாய் சாவதற்கு முன் யாரையாவது கடித்திருந்தால், அல்லது விசர் பிடித்த குணம் காட்டியிருந்தால், உடனே புதைத்துவிடக் கூடாது. தலையை ஐஸில் வைத்துப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்ப வேண்டும். மூளையைச் சோதித்துத்தான் நோயை உறுதி செய்ய முடியும். 1973இல் இந்நாட்டில் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். அந்த எண்ணிக்கை இன்று பல மடங்கு குறைந்திருப்பது தடுப்பூசியாலும் இப்படியான கண்காணிப்பாலும்தான். அன்பாக வளர்த்த நாயின் உடலைச் சிதைக்கக் கொடுப்பது நெஞ்சைப் பிளக்கும் காரியம். கடிபட்ட பால்காரருக்கோ அடுத்த வீட்டுப் பிள்ளைக்கோ அது உயிர்ப் பிரச்சினை. அங்கே துக்கம் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும்.

பிள்ளைகளிடம் பொய் சொல்வதும் நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தால் வருவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, "ஓடிப்போச்சுது, தேடிக்கொண்டிருக்கிறம்" என்கிறார்கள். பிள்ளை அழக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் பிள்ளை பல்கனியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். முடிவு தெரியாமல் காத்திருப்பது எப்படிப்பட்டது என்று இந்தச் சமூகத்துக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. தெரிந்திருந்தும் ஒரு பிள்ளைக்கு அதைச் சிறிய அளவிலேனும் கொடுப்பது சரியாகப்படவில்லை. செத்துப்போச்சு என்று சொல்லி, வத்தளைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பிடி மண் போடவிடலாம். நாய் இப்ப எங்க இருக்கும் என்று பிள்ளை கேட்டால், பெரியவர்கள் தாங்கள் உண்மையாக நம்புவதைச் சொல்லலாம். தெரியாதென்றால் தெரியாதென்றே சொல்லலாம்.