படலமும் வில்லையும்

ஒருகொடவத்தைச் சந்தியின் கொள்கலன் லொறிகளைக் கடந்து, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய கொழும்புக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்துக்கு வந்து, தீபாராதனை வேளையில் கைகூப்பி நிற்கும் அடியவர் ஒருவருக்குக் குறும்பார்வை 12 டயொப்டர் என்று கொள்வோம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிய கணமே, 8 சென்டிமீட்டருக்கு அப்பாலுள்ள யாவும் அவருக்குக் கலங்கிவிடும். திரை விலகியிருக்கின்றது, தீபம் எரிகின்றது, காணும் தாகமும் நெஞ்சில் நிறைந்திருக்கின்றது. ஆயினும் தரிசனம் இல்லை.

உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தைக் கண்ணில் வளர்ந்த படலத்துக்கு ஒப்பிட்ட சைவ ஆகமாசாரியர்கள், படலம் ஒரு திரவியமாதலின் அறிவினால் மட்டும் நீங்காது வைத்தியனது கிரியையால் நீங்குவது போல, மலமும் ஈசனது கிரியையாகிய தீட்சையாலேயே நீங்கும் என்று சாதித்தனர். அந்த உவமையை நான் பெரிதும் மதிக்கின்றேன். எனினும் இவ்வடியவரின் கண்ணிலே அகற்றுதற்குப் படலம் எதுவும் இல்லை. ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய விழிக்கோளம் 28, 29 என நீண்டு, சிலரிடத்துப் பின்புறம் புடைத்தும் போய்விட, ஒளி விழித்திரையை எட்டுமுன்பே குவிந்துவிடுகின்றது. குறை வடிவத்தில் இருக்கின்றது.

லேசரினால் கருவிழியைச் செதுக்கி இக்குறையைத் திருத்துவதற்கும் எல்லை உண்டு; அது மெலிந்தோ கூம்பியோ இருப்பின் தொடுவதே தகாது. ஆதலின் வைத்தியர், சுமார் 3 மில்லிமீட்டர் வெட்டின் வழியே மடித்துச் செலுத்திய மெல்லிய வில்லையொன்றைக் கதிராளிக்கும் இயற்கை வில்லைக்கும் இடையில் விரித்து வைக்கின்றார். எதனையும் அகற்றவில்லை, கண் நீண்டபடியே இருக்கின்றது, ஆயினும் காண்கின்றது! சார்ந்ததன் வண்ணமாதலே உயிரின் இயல்பு என்று, அடுத்த பொருளின் நிறத்தை ஏற்கும் பளிங்கைக் காட்டி, சைவ சித்தாந்தத்தின் மெய்கண்டார் மரபினர் உரைத்த கொள்கையே இக்கண்ணுக்கு அணுக்கமானது என்பது என் துணிபு.

மலம் உயிருக்கு இயல்பன்று, நீளமோ இக்கண்ணுக்கு இயல்பாகிவிட்டதே எனச் சித்தாந்திகள் ஆட்சேபிக்கக்கூடும். நியாயமான ஆட்சேபம்தான், உவமை முற்றும் ஒத்தல் வேண்டா என்பதற்கு மேல் எனக்கு விடையில்லை. ஆனால், "முதலில் உன் வடிவைத் திருத்திக்கொண்டு வா" என்று நிபந்தனை கூறாது, கோணலோடு வந்தவனைக் கோணலோடே ஏற்றுத் துணைநிற்கும் ஓர் உபகாரத்தை அந்த வில்லையிலே காண்கின்றேன். அருள் என்ற சொல்லை அதற்கு வழங்க நான் தயங்கவில்லை.

இழுபட்டு மெலிந்த விழித்திரையை அவ்வில்லை தடிப்பாக்குவதில்லை. ஆதலாலேயே, நன்றாகத் தெரிகின்றது என்று மகிழ்ந்து வீடு திரும்புபவரிடமும், மின்னல் போன்ற கீற்றோ, திடீரென மிதக்கும் கரும்புள்ளிகளோ, ஓரத்திலிருந்து திரை விழுவது போன்ற இருளோ தோன்றினால் அன்றைக்கே வந்துவிடுமாறு வைத்தியர் சொல்லி அனுப்புகின்றார்.