செல்போன் மக்கர் செய்தால் கோபம் யார் மேல்?

சாயங்கால வேளையில் கோயில் வாசல் பூக்கடைப் பக்கம் சற்று நின்று பாருங்கள். இரண்டு முழம் மல்லிகை வாங்கியவர் செல்போனை எடுத்து க்யூஆர் அட்டைக்கு நேரே பிடிக்கிறார். திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. செயலியை மூடித் திறக்கிறார். போன் அப்படியே உறைந்துவிட்டது. பணம் போனதா இல்லையா என்றே தெரியவில்லை. பின்னால் நிற்பவர்கள் நெருக்குகிறார்கள். "காலையிலேர்ந்தே மக்கர் பண்ணுது" என்று முணுமுணுத்தவர், மறுகணம் பூக்காரம்மாவைப் பார்த்து, "அட்டையை ஒழுங்கா வைக்க மாட்டீங்களா?" என்று சீறுகிறார். அந்த அம்மாவுக்கும் போன் கோளாறுக்கும் என்ன சம்பந்தம்?

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், 62, 63ஆம் சுலோகங்களில், கோபம் பிறந்து வளரும் விதத்தைக் கண்ணன் படிப்படியாகச் சொல்லியிருக்கிறான். ஒரு பொருளையே நினைத்துக்கொண்டிருந்தால் அதன் மேல் பற்று வரும். பற்று ஆசையாகும், ஆசையிலிருந்து கோபம் பிறக்கும். கோபம் மயக்கத்தைத் தரும், நினைவு தடுமாறும், கடைசியில் புத்தி கெடும். செல்போன் விஷயத்தில் இத்தனை படிகளையும் மனிதன் ஒரே நிமிடத்தில் இறங்கிவிடுகிறான்.

வள்ளுவர் வெகுளாமைக்கென்றே 31ஆம் அதிகாரத்தை வைத்தார். தன் கோபம் பலிக்கும் இடத்தில் அதை அடக்குகிறவனே உண்மையில் சினத்தை அடக்குகிறவன் என்பது அதன் முதல் குறளின் கருத்து. இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். செல்போனிடம் யாருடைய கோபமும் பலிக்காது. திட்டினாலும் தட்டினாலும் அதற்கு உறைக்காது. ஆனால் பக்கத்தில் வந்து ஏதோ கேட்ட பிள்ளையிடம் பலிக்கும். சாப்பிடக் கூப்பிட்ட மனைவியிடம் பலிக்கும். போனில் கிளம்பிய கோபம் இவர்கள் தலையில்தான் விடிகிறது. அடக்க வேண்டிய இடம் அதுதான்.

போன் ஏன் படுத்துகிறது என்று தெரிந்துகொண்டாலே பாதிக் கோபம் தணியும். இன்றைய போன்களில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991இல் சோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அத்தனை பெருமை இருந்தும், சார்ஜ் ஏறி இறங்க ஏறி இறங்க அதன் சக்தி குறைந்துகொண்டே வரும். சூடு பட்டால் இன்னும் சீக்கிரம் தளரும். தளர்ந்த பேட்டரியிடம் போன் திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் அதனால் கொடுக்க முடியாது; சார்ஜ் மிச்சம் இருப்பதாகக் காட்டும்போதே அணைந்துவிடும். தோன்றியது தேயும் என்பதற்கு இதுவும் விலக்கில்லை.

அதற்காக எல்லாவற்றையும் விதி என்று விட்டுவிடச் சொல்லவில்லை. 2016 ஆகஸ்டில் வந்த சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்களில் சில தீப்பிடித்தன. சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் செப்டம்பரில் அறிவித்தது. மாற்றிக் கொடுத்தவையும் எரிந்ததால் அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தியது. அடுத்த ஆண்டு டிசம்பரில், பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணையாமலிருக்க அவற்றின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததாக ஆப்பிள் ஒப்புக்கொண்டது. வாங்கியவர்களிடம் தெளிவாகச் சொல்லாமல் செய்தது தவறு. மக்கள் கேள்வி கேட்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. பொறுப்பானவரிடம் நியாயம் கேட்பது தர்மம்தான். கையில் அகப்பட்டவரைக் கடிப்பதுதான் பாவம்.

கோபத்துக்கு வேர் பற்று என்றால், போனை விட்டுச் சற்று விலகியிருக்கவும் பழக வேண்டும். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவர்களைப் பாருங்கள். கொஞ்ச நேரம் கை தானாகச் சட்டைப்பையைத் தடவும். பிறகு பிராகாரத்தில் நடை நிதானப்படும். சன்னதியில் இரண்டு கையும் கும்பிடக் காலியாக இருக்கும். போன் இல்லாமல் இருக்கப் பழகுவதற்கு அந்த ஒரு மணி நேரம் நல்ல பயிற்சி.

ஆகவே வீட்டார் எண்கள் இரண்டை ஒரு தாளில் எழுதிக் கொஞ்சம் ரொக்கத்தோடு பர்ஸில் வையுங்கள். பேட்டரி தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். போன் மேல் வந்த ஆத்திரத்தில் இன்று யாரையாவது கடிந்து பேசியிருந்தால், தூங்கப் போகும் முன் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.