வேலை செய்யாத துணி

சித்திரை, வைகாசி முகூர்த்த நாட்களில் மாலை ஏழு மணிக்கு அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். சாலையில் போனால், வழியெல்லாம் கல்யாண மண்டபங்களில் வரவேற்பு நடந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு மேடையிலும் ஒரு மாப்பிள்ளை கோட்டு சூட்டில் நிற்பார். தலைக்கு மேல் விளக்குகள், எதிரே வீடியோக்காரரின் வெளிச்சம், பகலெல்லாம் அடித்த வெயிலின் சூடு சுவரை விட்டு இன்னும் இறங்கியிருக்காது. நெற்றியில் அரும்பிய வியர்வை கன்னம் வரை வழியும். பக்கத்தில் நிற்கும் அப்பா பொறுக்கமாட்டாமல் காதோரம் சொல்வார்: “வேர்த்து ஊத்துது பாரு. அந்தக் கர்ச்சீப்ப எடுத்துத் தொடச்சிக்கடா.” உதடு அசையாமல் பதில் வரும்: “அது தொடைக்கிறதுக்கு இல்லப்பா.”

அப்பா பேசாமல் இருந்துவிடுவார். ஆனால் அவருடைய குழப்பம் நியாயமானது. முகத்துக்கு இத்தனை பக்கத்தில் சுத்தமான துணி ஒன்று இருக்கிறது, முகம் நனைந்திருக்கிறது, இரண்டையும் சேர்க்கக் கூடாதென்றால் அந்தத் துணி எதற்கு? இந்தக் கேள்வி எனக்குள் வெகுநாளாக இருக்கிறது. அற்பமான கேள்வியாக அதை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

கோட்டின் இடது மார்பில், தோள் பக்கம் சற்றே ஏறினாற்போலத் தைத்த பையில் செருகும் சதுரத் துணிதான் பாக்கெட் ஸ்கொயர். ஒரு பக்கம் 30 முதல் 40 சென்டிமீட்டர் வரை இருக்கும். வெள்ளைப் பருத்தி அல்லது லினன் என்றால் நேர்மடிப்பு அழகு. நான்காக மடித்து, பையின் அகலத்துக்கு ஏற்ப இன்னொரு மடிப்பு போட்டு, வெளியே ஒரு விரல் அகலம் மட்டும் தெரியும்படி வைப்பார்கள். பட்டில் இந்த மடிப்பு நிற்காது, வழுக்கிக்கொண்டு பைக்குள் இறங்கிவிடும். பட்டை நடுவில் கிள்ளித் தூக்கி, மறுகையால் தளர உருவி, தொங்கும் நுனிகளைக் கீழே மடக்கி உப்பலாகச் செருக வேண்டும். முனைகள் மேலே தெரிய மடிப்பதும் உண்டு. விலையுயர்ந்த துணிகளில் ஓரத்தை மெஷினில் தட்டையாக அடிப்பதில்லை. விரலால் உருட்டி உருட்டிக் கையாலேயே தைக்கிறார்கள். அந்த ஓரம் லேசாகத் தடித்து, வெளிச்சம் படும்போது தனியாக ஒரு கோடாகத் தெரியும். டை எந்தத் துணியோ அதிலேயே சதுரமும் வெட்டி, ஒரே டப்பாவில் வைத்து விற்கிறார்கள். அப்படி வாங்குவதைவிட, டையில் இருக்கும் நிறங்களில் ஒன்றை மட்டும் எடுத்து வேறு துணியில் வைப்பது நன்றாக இருக்கும்.

நம் பக்கத்தில் வாடகைக் கோட்டோடு பெரும்பாலும் வருவது இவை எதுவும் இல்லை. அட்டையில் ஒட்டிய மூன்று முனைகள் வரும். அட்டையைப் பைக்குள் தள்ளினால் முடிந்தது, உள்ளே மீதித் துணி கிடையாது. எனக்கு அது பிடிப்பதில்லை. காசு மிச்சம் என்பதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. என் வருத்தத்துக்குக் காரணம் வேறு. அட்டை நினைத்தாலும் முகத்தைத் துடைக்க முடியாது. முழுத் துணிக்கு அது முடியும். முடிந்தும் இன்றைக்கு அந்த வேலை அதற்குக் கொடுக்கப்படவில்லை. மார்பில் அது நிற்பதற்கு அர்த்தம் இருந்தால், அந்த இடத்தில்தான் இருக்கிறது.

அது எப்போதுமே இப்படி ஓய்வாக இருந்ததில்லை. கோட்டு பிறந்த குளிர் நாடுகளில் மார்புப் பையில் வைத்ததும் மூக்கைத் துடைக்கும் கைக்குட்டைதான். 1924-இல் அமெரிக்காவில் க்ளீனெக்ஸ் என்ற காகிதத் தாள் கடைக்கு வந்தது. முகத்தில் பூசிய கிரீமைத் துடைக்கத்தான் அதை விற்றார்கள். வாங்கியவர்கள் மூக்கைத் துடைக்க எடுத்துக்கொண்டார்கள். 1930-களில் நிறுவனமே கைக்குட்டைக்குப் பதிலாக இதை வாங்குங்கள் என்று விளம்பரம் செய்யத் தொடங்கியது. அழுக்கு வேலை காகிதத்துக்குப் போனது. மார்பில் இருந்த துணிக்கு விடுதலை கிடைத்தது.

நம் ஊர்த் துணிகளுக்கு அந்த விடுதலை கிடைக்கவில்லை. சென்னையின் மேற்குப் புறநகரம் உழைப்பால் எழுந்த பூமி. அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ், 1959-இல் டன்லப், 1964-இல் தொழிற்பேட்டை. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை. விஜயந்தா டாங்கி 1965-இல் அங்கிருந்துதான் வெளியே வந்தது. அதே ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையும் இருக்கிறது. இந்த ஊர்களில் துணி சும்மா இருந்து பார்த்தவர்கள் குறைவு. லேத்துப் பக்கம் கிரீஸ் துடைக்கப் பனியன் வேஸ்ட். சட்டைக் காலர் வியர்வையில் நனையாமலிருக்கக் கழுத்தைச் சுற்றி ஒரு கர்ச்சீப். அதே கர்ச்சீப், கூட்டமான பேருந்தில் ஜன்னல் வழியாக விழுந்து இருக்கை பிடிக்கும். சூடான டிபன் பாக்ஸைத் தூக்க உதவும். மழையில் தலைக்கு ஏறும். மூட்டை சுமப்பவருக்குத் துண்டு சும்மாடு. ஸ்கூட்டியில் தொழிற்பேட்டைக்குப் போகும் பெண்ணுக்குத் துப்பட்டா முகமூடி. சாயம் போய்க் கிழிந்த பிறகும் துணிக்கு ஓய்வு கிடையாது, அடுப்படியில் கைப்பிடித் துணியாகி, கடைசியில் தரை துடைக்கும். இப்படி வாழ்ந்த அப்பாவிடம், “இந்தத் துணிக்கு வேலை இல்லை” என்று மகன் சொன்னால் அது வேற்று மொழியாகத்தான் கேட்கும்.

ஆனாலும் சதுரத் துணியை மடித்து அணியும் அழகில் நம் கடற்கரைக்கும் ஒரு பங்கு உண்டு. மெட்ராஸ் கைக்குட்டை என்ற பெயரோடு சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம் போட்ட சதுரங்கள், நூற்றாண்டுகளாக மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் கப்பலேறின. நைஜீரியாவின் கலாபாரிப் பெண்கள் அந்தத் துணியில் தேர்ந்தெடுத்த இழைகளை மட்டும் வெட்டி உருவி, நெய்தவரே எதிர்பாராத ஒரு கோலத்தை அதில் கொண்டுவந்தார்கள். மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் பெண்கள் அதைத் தலையில் கட்டினார்கள், இன்றும் விழாக்களில் கட்டுகிறார்கள். கட்டில் எத்தனை முனை நிற்கிறது என்பதைப் பார்த்தே சேதி தெரிந்துகொள்ளலாம். ஒரு முனையென்றால் மனசு இன்னும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. இரண்டென்றால் பேசி முடித்தாயிற்று. மூன்றென்றால் மணமானவள்.

இதில் என்னை அசைத்துப்போட்டது வேறொரு நிகழ்ச்சி. 1786-இல் ஸ்பெயினின் கையில் இருந்த லூசியானாவில், ஆளுநர் மிரோ ஓர் ஆணை போட்டார். சுதந்திரமான கறுப்பினப் பெண்கள் நகையும் இறகும் சூடித் தலை அலங்காரம் செய்யக் கூடாது. முடியைத் துணியால் மூடிக் கட்ட வேண்டும். அடிமைப் பெண் வேலை செய்யும்போது கட்டும் கட்டு அது. விடுதலை பெற்றவளுக்கும் அவள் பழைய இடத்தை நினைவூட்ட வேண்டும் என்பது திட்டம். அந்தப் பெண்கள் ஆணைக்குக் கீழ்ப்படிந்தார்கள். ஆனால் கிடைத்ததிலேயே நல்ல துணியாக எடுத்து, மெட்ராஸ் துணி உட்பட, விதவிதமாக மடித்து உயர்த்திக் கட்டினார்கள். தாழ்த்துவதற்காகத் தலையில் ஏற்றிய துணியே அலங்காரமாக எழுந்து நின்றது.

நம் துண்டின் கதையும் இதுதான். ஒரு காலத்தில் நம் கிராமங்களில், ஆண்டைகளின் தெருவில் நடக்கும்போது ஒடுக்கப்பட்ட சாதியினர் தோளில் துண்டு போடக் கூடாது. எதிரே பெரிய மனிதர் வந்தால் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும், அல்லது கக்கத்தில் இடுக்க வேண்டும். நாகசுரம் வாசிக்கிறவர்களுக்கும் இந்தக் கட்டாயம் இருந்தது. துணி அதேதான், ஆளும் அதே ஆள்தான். எதற்காக அத்தனை கோபம்? இடுப்பில் கட்டிய துண்டு, சொன்னதைச் செய்யத் தயாராக நிற்பவனின் துண்டு. தோளில் கிடக்கும் துண்டு யாருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. அந்த ஒரு முழ உயரத்தைத்தான் ஆதிக்கம் செய்தவர்களால் தாங்க முடியவில்லை. சுயமரியாதை இயக்கத்தார் துண்டை இறக்காதீர்கள் என்று சொன்னது வெறும் உடை விஷயமாக இருக்கவில்லை. நாகசுரம் வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வெட்டி, நீண்ட கோட்டு அணிந்து மேடையில் உட்கார்ந்ததையும் நான் இதோடு சேர்த்தே பார்க்கிறேன்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பலர் சிறுவயது முதல் தினமும் பார்த்து வளர்ந்த கோட்டு, தெருமுனையில் நிற்கும் அண்ணல் அம்பேத்கரின் நீலக் கோட்டு. அவர் மார்புப் பையில் பெரும்பாலும் ஒரு பேனா இருக்கும். அரை உடம்புதான் மூடலாம் என்று விதிக்கப்பட்ட மக்களுக்கு, கழுத்திலிருந்து கால்வரை முழுமையாக உடுத்தி நிமிர்ந்து நிற்கும் ஓர் உருவம் என்ன சொல்லியிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தச் சூட்டில் கோட்டு எதற்கு என்று மாப்பிள்ளைகளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் வீட்டில், பெரும்பாலும், துண்டை இறக்கிய தாத்தா இருந்திருக்க மாட்டார்.

இன்னொரு துணியும் உண்டு. தொழிற்சாலையில் ஒருவர் பணி ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள். ஜரிகை மின்னும், குளிருக்கு ஆகாது, துடைக்க ஆகாது. வீட்டுக்குப் போனதும் மடித்து பீரோவில் வைத்துவிடுவார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேஸ்ட் துணியும் கர்ச்சீப்புமாக உழைத்த மனிதருக்குக் கிடைக்கும், வேலை செய்யாத முதல் துணி அது. அவரிடம் இனி வேலை வாங்க முடியாது என்று ஆன அன்றைக்குத்தான் அது தோளுக்கு வருகிறது. மறுநாள் காலை சங்கு ஊதும்போது அவருக்கு விழிப்பு வந்துவிடும். போவதற்கு இடமில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். டன்லப் போன்ற ஆலைகள் மூடப்பட்டபோது பொன்னாடைகூட இல்லாமல் பலர் அந்தப் பெஞ்சுக்கு வந்தார்கள். இன்றும் எங்கள் பக்கத்தில் ஒருவரை அறிமுகப்படுத்தும்போது, “டன்லப்ல இருந்தாரு”, “டி.ஐ.ல இருந்தாரு” என்றுதான் சொல்வோம். அந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஏதோ சுருங்கும். இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்பதற்கு நம்மிடம் சொல் இல்லாதது போல இருக்கும்.

மனிதரையும் துணியையும் ஒரே கண்ணால் பார்க்கப் பழகியிருக்கிறோம். எதற்கு உதவும் என்று கேட்டுவிட்டுத்தான் கையில் எடுக்கிறோம். உழைப்பு பெரியது, இந்த ஊர்கள் அதற்குச் சாட்சி. ஆனால் உழைப்பவரை அவர் உழைப்புக்காக மட்டுமே மதித்தால், அவரைக் கடைசிவரை இடுப்பில் கட்டிய துண்டாகவே வைத்திருக்கிறோம். யாருடைய தேவைக்கும் ஆகாத ஒரு நேரத்திலும் ஓர் ஆள் முழு ஆளாகவே இருக்கிறார். கௌரவம் என்று நாம் சொல்வது அந்த நேரத்தைக் கண்டு மரியாதை செய்வது. துடைக்க வல்ல துணியைத் துடைக்க விடாமல், நெஞ்சுக்கு மேலே, எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்கிறபோது மனிதக் கை அதைத்தான் சொல்லிப் பழகுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பணக்காரர்களின் பழக்கமாக அது நம்மிடம் வந்திருக்கலாம். ஆனால் அதன் தேவை அதிகமாக இருப்பது பணக்காரர்கள் வீட்டில் இல்லை. டாங்கியும் சைக்கிளும் செய்து கொடுத்த குடும்பத்தில்தான் ஒரு துணியாவது சும்மா இருக்க வேண்டும்.

இப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை. துண்டு, கோட்டு, பொன்னாடை எல்லாமே பெரும்பாலும் ஆண்களின் தோளைப் பற்றிய கதை. பெண்களின் தோளுக்கும் போராட்டம் நடந்திருக்கிறது; தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல்லாண்டு அடிபட்டு, 1859-இல்தான் அரசாணை வந்தது. ஆனால் மேலேறிய அந்தத் துணிக்கு ஓய்வு வரவில்லை. முந்தானை குழந்தையின் வாயைத் துடைக்கிறது, கொதிக்கும் பாத்திரத்தை இறக்குகிறது, ஒரு முடிச்சில் சில்லறையைக் காக்கிறது. அதை இழுத்து இடுப்பில் செருகினால் வேலை ஆரம்பம் என்று பொருள். நாள் முழுக்க அது செருகியே இருக்கும் வீடுகள் எத்தனை. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஏற்றுமதி ஆடை நிறுவனங்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காலர், கை, பை என்று தைக்கிறார்கள். தூரத்து நாட்டில் யாரோ அணியப்போகும் சட்டையின் மார்புப் பை அவர்கள் விரல் வழியாகத்தான் போகிறது. மாலையில் பேருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போகிறார்கள். பணி ஓய்வு விழாவும் பொன்னாடையும் இல்லாத ஷிப்ட் அது. அந்த முடிச்சை ஒரு மாலையாவது அவிழ்க்க வைப்பது வீட்டிலிருக்கும் மற்றவர்கள் எழுந்து அடுப்படிக்குப் போவதில் இருக்கிறது.