வேர் பிடிக்கட்டும்

எதிர்வீட்டு அக்கா ஜெரேனியச் செடியின் மொட்டைக் கிள்ளிப்போட்டதை என்னால் மறக்க முடியவில்லை. மாஞ்சோலை மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அறுபதை நெருங்கும் வயதில் இறங்கிவந்து கல்லிடைக்குறிச்சியில் வாடகைக்கு இருக்கிறார். தோட்டத்து லைன் வீட்டு வாசலில் நின்ற செடியில் ஒரு தண்டை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்து, பெயின்ட் வாளியில் நட்டிருக்கிறார். காலை வெயில் மட்டும் படும் இடம். மண் காய்ந்த பிறகே தண்ணீர். தேங்கினால் தண்டின் அடி கறுத்து அழுகிவிடும். இவ்வளவு பார்த்து வளர்க்கிறவர், மொட்டு எட்டிப்பார்த்ததுமே நகத்தால் கிள்ளிவிட்டார்.

"வேரு பிடிக்கட்டும் தம்பி. பூவ பொறவு பாத்துக்கிடலாம்."

செடிக்கு அது சரிதான். புதுத் தண்டு பூவுக்குச் சத்தைக் கொடுத்துவிட்டால் வேர் நோஞ்சானாகிவிடும். ஆனால் அந்த விரல்களில் துளித் தயக்கமில்லையே, அதுதான் உறுத்துகிறது.

சின்ன வயதில் சேரன்மகாதேவியில், கன்னடியன் கால்வாய் பாயும் வயலில் ஆச்சி நடவு நடும்போது வரப்பில் நின்றிருக்கிறேன். முற்றிய நாற்றென்றால் நுனியைக் கிள்ளிவிட்டுத்தான் நடுவார்கள். குருத்துப்பூச்சியின் முட்டை அதோடு போய்விடும். சில நாள் பயிர் வெளிறிக் கிடக்கும். பிறகு பச்சை பிடிக்கும். நெல்லுக்கு அப்படியொரு நாள் உண்டு. மனுஷருக்கு உண்டா?

ஜெரேனியத்தின் பூர்விகம் தென்னாப்பிரிக்கா என்று எப்போதோ படித்தேன். கப்பலேறி ஐரோப்பா போய், நம் மலைகளுக்கு வந்து சேர்ந்தது. அக்காவின் முன்னோரும் வேறெங்கிருந்தோ மலையேறியவர்கள்தாம். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் மாஞ்சோலைக் காட்டை ஒரு கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டது. குத்தகை 2028-இல்தான் முடிகிறது. 2024-லேயே விருப்ப ஓய்வு என்று சொல்லித் தோட்டத் தொழிலாளர்களின் வேலை முடிக்கப்பட்டது. வேர் பிடித்து, பூத்து, பேரன் பேத்தி கண்ட இடம் அது. அங்கிருந்து ஒடித்துக் கீழே நட்டால், மறுபடி முதலிலிருந்து மொட்டைக் கிள்ள வேண்டுமா? இந்த வயதில் எத்தனை மொட்டு?

இப்போது தை மாதம். பங்குனி, சித்திரையில் இங்கே வெயில் 38 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஜெரேனியம் பூப்பது அரிது. குளிர் இருக்கும்போதே ஒரு மொட்டையாவது விட்டுவையுங்கள் என்று சொல்ல நினைக்கிறேன். அப்படி விட்டு, வேர் தளர்ந்து, கோடையில் செடியே போய்விட்டால்? மாஞ்சோலையிலிருந்து அக்கா கொண்டுவந்ததில் உயிரோடிருப்பது அது ஒன்றுதான்.

எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. தாமிரபரணிக் கரையில் இந்தச் செடியைக் கோடை தாண்டி வளர்த்தவர்கள் யாராவது இருந்தால், மொட்டுக் கிள்ளுவதை எந்த மாதம் நிறுத்தினீர்கள் என்று சொல்லுங்கள். அக்காவிடம் சொல்ல வேண்டும்.