கொடையும் உரிமையும்

கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகே முதிய ரப்பர் மரமொன்று நிற்கிறது. 1877இல் சிங்கப்பூரிலிருந்து பேராக் மண்ணுக்கு வந்த கன்றுகளின் எச்சம் அது. மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்கும் முறையைப் பின்னர்க் கண்டறிந்த ரிட்லி, அதனை மறைத்து வைக்கவில்லை. தோட்ட முதலாளிகளைத் தேடிச் சென்று விதைகளை வலியக் கொடுத்தார். அக்கொடையால் காடுகள் தோட்டங்களாயின. ஆயினும் மூன்று தலைமுறையாக விடியுமுன் கத்தியுடன் அம்மரங்களின் கீழ் நின்ற தமிழருக்கு ஒரு மரமேனும் சொந்தமில்லை. வித்து இலவசம், மரமோ பிறருடையது.

இதனை நன்கறிந்த மக்கள் பிறிதொரு கொடையையும் ஐயத்துடன் நோக்குவது இயல்பே. 2006 நவம்பர் 13ஆம் நாள், அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் தன் ஜாவா கணினி மொழியின் மூல நிரலை உலகுக்குத் திறந்துவிடுவதாக அறிவித்தது. 1995 முதலே அம்மொழியைக் காசின்றிப் பயன்படுத்த முடிந்தது. அங்ஙனமாயின் புதிதாகக் கொடுத்தது யாது? இயங்கும் வடிவை மட்டும் பெற்றவன் ரப்பர் ஷீட்டை வாங்கியவனுக்கு ஒப்பாவான். மூலத்தைப் பெற்றவனோ மரத்தையே பெற்றவன். அவன் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம்.

இது ஈகையா, வணிகமா? மொழி பரவினால் சன் விற்கும் கணினிகளுக்கும் சேவைகளுக்கும் நன்மை உண்டென்பது வெளிப்படை. வறியவர்க்கு ஈவதே ஈகை, ஏனையவை கைம்மாறு கருதியவை என்ற வள்ளுவர் அளவுகோலில் இச்செயல் தேறாது. ஆனால் அவர் ஈகைக்கு முன்பே ஒப்புரவறிதல் என்று தனியோர் அதிகாரம் வகுத்தார். ஊருணியில் நீர் மொள்பவர், அதனை வெட்டியவனின் உள்ளத்தை ஆராய்வதில்லை. அது நாளையும் திறந்திருக்குமா என்பதே அவர்தம் கவலை.

அக்கவலைக்கு ஜாவாவின் வரலாறு தரும் விடை இருவகைப்பட்டது. 2010இல் சன்னை ஆரக்கிள் விலைக்கு வாங்கியது; அவ்வாண்டே ஆண்ட்ராய்டு தொடர்பாகக் கூகுள்மீது வழக்குத் தொடுத்தது. ஜாவாவின் ஏறத்தாழ 11,500 வரி அறிவிப்புகளைக் கூகுள் அப்படியே எடுத்தாண்டது என்பது குற்றச்சாட்டு. 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது நியாயமான பயன்பாடே எனத் தீர்ப்பளிக்கும்வரை வழக்கு ஓயவில்லை. கூகுள் அக்கொடையின் நிபந்தனைகளை ஏற்று எடுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரியோர் சண்டையில் இருபுறமும் முழு நியாயம் காண்பது அரிது. மறுபுறம், 2006இல் தேர்ந்த பொது உரிமத்தின்கீழ் வெளிவந்த மூல நிரலை உரிமையாளர் மாறியபோதும் எவராலும் திரும்பப் பெற இயலவில்லை. திருத்தி வெளியிடுபவனும் தன் திருத்தத்தின் மூலத்தைத் திறந்தே தரவேண்டும் என்பது அவ்வுரிமத்தின் கட்டளை. காத்தது கொடுத்தவரின் நல்லெண்ணமன்று, எழுதப்பட்ட உரிமை.

சுங்கை சிப்புட் தந்த தலைவர் வீ.தி.சம்பந்தன் இவ்வேறுபாட்டைத் தோட்டத்திலேயே கண்டவர். தோட்டத் துண்டாடல் தொழிலாளரை வீதியில் நிறுத்தியபோது, புதிய முதலாளிகளின் இரக்கத்தை நம்பியிருக்க வேண்டாமென்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகப் பணங்கட்டிப் பங்குதாரராயினர். நல்ல துரை வாய்ப்பது ஒன்று. பங்குப் பத்திரம் கையிலிருப்பது வேறு.

எனினும் பத்திரத்தைப் படிக்கத் தெரிதல் வேண்டும். தோட்டம் செம்பனையாகி, ஈப்போவின் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்த குடும்பத்துச் சிறுவனுக்கு மூல நிரல் திறந்திருப்பதும் பூட்டியிருப்பதும் ஒன்றே, கற்பிப்பார் இல்லாதவரை. இங்கே கொடுத்த நிறுவனத்தைக் குறை கூறிப் பயனில்லை. பெறுவோரின் சமூகத்துக்கும் கடமை உண்டு. முத்தையா அண்ணாமலை அக்கடமையை உணர்ந்து, ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘முடி’ எனத் தமிழ்ச் சொற்களாலேயே கட்டளையிடும் ‘எழில்’ என்னும் மொழியை உருவாக்கி, அதன் மூலத்தையும் திறந்து வைத்தார். எழில் பைத்தான் என்னும் மொழியின்மேல் கட்டப்பட்டது. பைத்தானின் மூலம் திறந்தே கிடந்தமையால், அதற்கென எந்த நிறுவனத்தின் வாயிலிலும் அவர் அனுமதிக்குக் காத்து நிற்க நேரவில்லை.