பத்தியமும் பழியும்

நீரிழிவுற்றார் ஒருவரைக் கண்டவழி, நாவையடக்காமையின் வந்த நோய் எனக் கூறிவிடுதல் நம்மவர்க்கு எளிதாயிருக்கின்றது. அங்ஙனம் கூறுவார், தமக்கு அது வாராமையைத் தம் ஒழுக்கத்தின் பயனெனவும் உள்ளத்தே கொள்வர். வருவது வந்தே தீருமாகலின் உணவிற் கட்டுப்பாடு வீண் என்பார் மற்றொரு சாரார். நோயுற்றாரைப் பழித்தல் தகுமோ என்னும் வினாவிற்கு விடை காண்டற்கு இவ்விரு கூற்றையும் ஒருங்கு வைத்து ஆராய்தல் வேண்டும்.

சென்னை ஆராய்ச்சியாளர் நடத்தி 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குத் துணைசெய்யும். குருதியிற் சர்க்கரை இயல்பின் மிக்கும் நீரிழிவின் எல்லையை எய்தாதிருந்த 531 பேரை அவர் நான்கு பகுதியராக்கினர். ஒரு பகுதியார்க்குச் சர்க்கரையை விலக்கி, தீட்டிய தானியமும் கொழுப்புங் குறைத்து, நார்ப்பொருள் மிக்க உணவு கொண்டு, நாடோறும் நடக்குமாறு பன்முறை அறிவுறுத்தப்பட்டது. மற்றொரு பகுதியார்க்குப் பொதுவான அறிவுரையளவே. மூன்றாண்டுக் கணக்கில் நோயெய்தினார் முன்னவருள் நூற்றுக்கு 39 பேர். பின்னவருள் 55 பேர். ஏனை இரு பகுதியார் மருந்துண்டோர். அவர் செய்தி ஈண்டு வேண்டா.

நூற்றுக்கு 16 பேர் காக்கப்பட்டனரெனின், கட்டுப்பாடு வீண் என்பார் கூற்று நில்லாது. பழிப்பார் கூற்றும் நில்லாது. என்னை? புகையைக் கண்டு நெருப்புண்டெனத் துணிதல், நெருப்பின்றிப் புகை எழாமையின் வழுவாத அனுமானமாயிற்று. நோயைக் கண்டு நாவின் குற்றமுண்டெனத் துணிதல் அத்தகையதன்று. அற்றேல், அறிவுறுத்தப்பெற்றும் நோயுற்ற 39 பேரும் அதனைக் கைக்கொள்ளாதாரே எனின், அத்தகைய அறிவுறுத்தல் பெறாத பகுதியில் 45 பேர் தப்பியதற்கு யாது கூறுவர்? அன்றியும், 1944-45-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நெதர்லாந்து நாட்டின் மேற்பகுதியிற் கொடிய பஞ்சம் நேர்ந்தது. அப்போது தாய்வயிற்றிலிருந்தோரை ஐம்பது வயதளவிற் சோதித்தவிடத்து, அவர்தம் உடல் சர்க்கரையை ஆளுந்திறன் குன்றியிருந்தமை தெரிந்தது. 1998-இல் அது வெளியாயிற்று. கருவிலிருந்தார் தேர்ந்துண்டது யாது?

பழியால் விளையுந் தீங்கும் சிறிதன்று. பழிக்கு நாணி நோயை மறைப்பார், மருத்துவரிடஞ் செல்லுதலைக் காலந்தாழ்த்துவர். இன்சுலின் போலும் மருந்தைக் கொண்டுவிட்டு உணவை அறவே விடுப்பாருமுளர். அவர்க்குச் சர்க்கரை அளவின் மிகத் தாழ்ந்து உயிர்க்கே ஏதமாதலுண்டு.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் பெரிதும் உண்ணும் அளவைப் பற்றியதே. அதன் இறுதிக்கண் நோயுற்றான், மருத்துவன், மருந்து என்பவற்றோடு உடனிருந்து உதவுவானும் வைத்து எண்ணப்படுகின்றான். அந்நான்காவது இடம் சுற்றத்தாராகிய நம்முடையது. விருந்தில், "ஒருநாளைக்கு என்ன செய்துவிடும்?" என்று வற்புறுத்திப் பாயசம் வார்ப்பாரே பின்னர் அவர் நாவைப் பழிக்கின்றனர்! உண்பார் ஒருவர், உலையேற்றுவார் ஒருவராயிருக்கும் இல்லத்தில் தேர்வு உண்பாருடையதே எனல் எங்ஙனம் பொருந்தும்? நோயுற்றார்க்கெனத் தனியே ஒரு கலத்திற் சமைத்து அவரை வேறுபிரித்தலினும், இல்லத்தார் யாவரும் அவ்வுணவையே கொள்ளுதல் தக்கது. நோய் எய்தாதார்க்கும் அதனாற் பயனுண்டென்பது மேற்காட்டிய ஆய்வாற் பெறப்பட்டது.