பிறர் விவாகரத்துப் பத்திரத்தைப் பார்க்கலாமா?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் விவாகரத்துத் தீர்ப்புகள் பெரும்பாலும் பகிரங்கப் பத்திரங்கள். கோர்ட்டில் நடப்பது ஜனங்கள் அறிய நடக்க வேண்டும் என்பது அந்நாட்டின் பழைய கொள்கை. ஆகையால் தம்பதிகளின் பெயரும் வருஷமும் தெரிந்தால், யாதொரு சம்பந்தமுமில்லாத அந்நியனும் பல மாநிலங்களில் அந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்கலாம். அங்கே வேலை பார்க்கும் வரனுக்குப் பெண் கேட்டு வரும்போது, “பிள்ளைக்கு முன்னமே ஒரு கலியாணம் ஆகி ரத்தானதாமே” என்ற பேச்சு இங்குள்ள பெற்றோர் காதில் விழுவதுண்டு. அப்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. விசாரிப்பது எப்படி? விசாரிப்பது தகுமா? முன்னதற்கு விடை எளிது. பின்னதற்குச் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும்.

எளியதை முதலில் சொல்லிவிடுவோம். அந்நாட்டில் விவாகரத்து மத்திய சர்க்காரின் காரியமல்ல. ஐம்பது மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டம். நாடு முழுவதற்கும் பொதுவான பதிவேடு கிடையாது. மாநிலங்கள் நம் ஜில்லாக்களைப் போலக் கவுண்டிகளாகப் பிரிந்திருக்கின்றன. எந்தக் கவுண்டியில் விவாகரத்து அளிக்கப்பட்டதோ, அந்தக் கவுண்டிக் கோர்ட்டில்தான் மூலப் பத்திரம் இருக்கும். கலியாணம் நடந்த ஊரிலோ, இப்போது குடியிருக்கும் ஊரிலோ அல்ல. நெவாடா மாநிலம் 1931-ல் ஆறு வார வாசமே போதுமென்று சட்டம் செய்தது. அதனால் வெளி மாநிலத்தார் அநேகர் ரீனோ நகருக்குச் சென்று ஒன்றரை மாதம் தங்கி, விவாகரத்துடன் திரும்பினார்கள். அவர்களுடைய பத்திரத்தைச் சொந்த ஊரில் தேடுகிறவன் வெறுங்கையோடு திரும்புவான். லூயிசியானா மாநிலத்தில் கவுண்டிக்குப் பெயரே “பாரிஷ்”, அதாவது பங்கு. முற்காலத்துக் கோயிற்பங்குகளின் ஞாபகம் அது. ஆயினும் அங்கே விவாகரத்து நகலுக்குப் பங்குச் சாமியாருக்கு எழுதிப் பயனில்லை. பாரிஷ் கோர்ட்டின் கிளார்க்குக்குத்தான் எழுத வேண்டும்.

விண்ணப்பத்தில் இருவரின் முழுப் பெயர், பெண்ணின் கலியாணத்திற்கு முந்திய பெயர், உத்தேச வருஷம், தெரிந்தால் வழக்கு எண் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். தேடுவதற்கும் நகலெடுப்பதற்கும் கட்டணம் உண்டு. சட்டக் காரியத்துக்கானால் முத்திரையிட்ட அத்தாட்சி நகலே செல்லும். பல கவுண்டிகள் பெயர் அட்டவணையை இப்போது இணையத்தில் வைத்திருக்கின்றன. எல்லா இடத்திலும் கதவு ஒரேபோல் திறந்திருப்பதில்லை. நியூயார்க் மாநிலத்தில் விவாக வழக்குக் கட்டுகளை அந்தத் தம்பதிகளும் அவர்களுடைய வக்கீல்களும் தவிர மற்றவர் கோர்ட்டு உத்தரவின்றிப் பார்க்க முடியாது. கலிபோர்னியாவின் மாநில அலுவலகத்தில் 1962 முதல் 1984 ஜூன் வரையுள்ள விவாகரத்துகளுக்கு மட்டுமே சான்று கிடைக்கும். மற்றவைக்கு அந்தந்தக் கவுண்டிக் கோர்ட்டையே நாட வேண்டும்.

இனிக் கடினமான கேள்விக்கு வருவோம். சட்டம் திறந்து வைத்த பத்திரத்தை எவனும் திறக்கலாம் என்றால், மனச்சாட்சியும் அப்படியே சொல்லுகிறதா? இல்லை. வழிப்போக்கன் பார்க்கும்படி ஒரு வீட்டின் ஜன்னல் திறந்திருக்கிறது என்பதால், நின்று எட்டிப் பார்க்கும் உரிமை அவனுக்கு வந்துவிடாது. பிறர் வாழ்வை அறியும் உரிமை, அந்த அறிவைக்கொண்டு நாம் செய்ய வேண்டிய கடமையிலிருந்தே பிறக்கிறது. கடமை உள்ளவனுக்கு உரிமை உண்டு. கடமை இல்லாதவனுக்கு அது வெறும் வேடிக்கை.

அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் இவ்விஷயத்தைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார். அவசியமான ஒரு நன்மைக்காக, தகுந்த முறையில், பிறனுடைய குறையைச் சொல்லுவது புறணியாகாது. அவன் பெயரைக் கெடுக்கும் எண்ணத்தோடு சொல்லுவதே புறணி என்பது அவர் போதனை. 1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டமும் இவ்விரு பக்கத்தையும் காக்கிறது. விவாகத்துக்கு யாதொரு தடையும் இல்லையென்பது முன்னதாகவே தெளிவாக வேண்டும் என்று 1066-ம் விதி கூறுகிறது. தடையை அறிந்தவர்கள் அதைப் பங்குக் குருவுக்கோ மேற்றிராணியாருக்கோ வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர்கள் என்கிறது 1069-ம் விதி. கோயிலில் மூன்று ஓலை வாசிப்பது இதற்காகவே அல்லவா? அதே சட்டப் புத்தகத்தின் 220-ம் விதியோ, எவருடைய நற்பெயரையும் அந்தரங்கத்தையும் நியாயமின்றிக் கெடுக்கலாகாது என்று கட்டளையிடுகிறது.

ஆகையால் மகளைக் கொடுக்கப்போகும் தகப்பன் விசாரிப்பது பாவமல்ல. விசாரியாமல் விடுவதே அசட்டை. ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுதும் அதில் அடங்கியிருக்கிறது. சம்மதம் பெறுவதற்காகக் கபடமாக மறைக்கப்பட்ட குணம், இல்லறத்தையே கலைக்கத்தக்கதாயிருந்தால், அந்த விவாகமே செல்லாது என்று 1098-ம் விதி சொல்லுமளவுக்கு இது பெரிய காரியம். ஆனால் அதே பத்திரத்தை, வரன் வேண்டாமென்று முடிவான பிறகும் வாங்கிப் பார்க்கும் சித்தப்பாவுக்கு என்ன கடமை இருக்கிறது? அதைப் படமெடுத்து உறவினர் எல்லாருடைய கைபேசிக்கும் அனுப்புகிறவருக்கு என்ன நியாயம் இருக்கிறது? சட்டம் அவரைத் தண்டிக்காமலிருக்கலாம். எட்டாங் கற்பனை அவரை விட்டுவிடாது.

அன்றியும், பத்திரம் சொல்வது எவ்வளவு என்பதையும் அறிய வேண்டும். வழக்குப் போட்டதற்கும் விவாகரத்து ஆனதற்கும் வெகு தூரம். மனு கொடுத்துவிட்டுப் பிறகு சமாதானமாகி ஒரே வீட்டில் வாழ்கிற தம்பதிகள் உண்டு. அவர்கள் பெயரும் அட்டவணையில் இருக்கும். அதை மாத்திரம் கண்டு, “ரத்தானவன்” என்று பேசுகிறவன் பொய்ச்சாட்சி சொல்லுகிறான். ஒரு கவுண்டியில் பெயர் இல்லையென்பதால் விவாகரத்தே இல்லையென்றும் சொல்ல முடியாது. அடுத்த கவுண்டியில் இருக்கலாம்.

குற்றச்சாட்டுகளைப் பற்றியோ இன்னும் எச்சரிக்கை வேண்டும். நியூயார்க்கில் 1967 வரையில் விவாகரத்துக்கு வியபிசாரம் ஒன்றே காரணமாக ஏற்கப்பட்டது. ஆகவே பிரிய விரும்பிய சிலர், செய்யாத பாவத்தைச் செய்ததாகச் சாட்சி ஜோடித்தார்கள். அக்காலத்துக் கட்டைப் புரட்டுகிறவன் அதில் எழுதியதெல்லாம் சத்தியமென்று எப்படி நம்புவான்? கலிபோர்னியாவில் 1970 முதல் எவர் மீதும் குற்றம் சாட்டாமலே விவாகரத்துப் பெறலாம். காலப்போக்கில் மற்ற மாநிலங்களும் அவ்வழியில் வந்தன. நியூயார்க் கடைசியாக 2010-ல் வந்தது. இக்காலத்துத் தீர்ப்பில் இருவருக்கும் ஒத்து வரவில்லை என்பதற்கு மேல் காரணம் காண்பது அரிது. பழைய பத்திரம் அளவுக்கு மிஞ்சிப் பேசுகிறது, புதியது வாய் திறப்பதில்லை. யார் அடித்தார், யார் அழுதார், யார் கடைசிவரை பொறுத்தார் என்பதைச் சர்வேசுரன் அறிவார். கோர்ட்டு முத்திரை அறியாது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. விவாகரத்துத் தீர்ப்பு கையில் இருப்பதால் ஒருவன் மீண்டும் கலியாணம் செய்ய விடுதலையானான் என்று நாம் கொள்ளக்கூடாது. முந்திய விவாகம் செல்லாதென்று சட்டப்படி, ஐயமறத் தெளிவாகுமுன் மறுவிவாகம் ஆகாது என்பது திருச்சபையின் விதி. அந்த விசாரணைக்காக மேற்றிராசன நீதிமன்றத்தில் மனுச் செய்யும்போது கோர்ட்டுத் தீர்ப்பின் நகலும் வழக்கமாகக் கேட்கப்படும். ஆக, அந்தப் பத்திரம் ஒரு வாசல் மாத்திரமே, வீடு அல்ல.

கிறிஸ்தவப் பெற்றோரே, ஐயம் உண்டானால் முதலில் கவுண்டிக் கிளார்க்குக்கு எழுதாதீர்கள்; வரனையே நேரில் கேளுங்கள். “தம்பி, எங்கள் பெண்ணுக்காகக் கேட்கிறோம், மறைக்காமல் சொல்லுங்கள்” என்று தனியே கேட்டால், நல்லவன் தானே தீர்ப்பு நகலைக் கொண்டுவந்து வைப்பான். மழுப்பினால் அப்போது எழுதுங்கள். வந்த பத்திரத்தைப் பங்குக் குருவிடம் காட்டுங்கள். பெண்ணுக்கும் தெரிவியுங்கள், ஏனெனில் வாழப்போகிறவள் அவள். சம்பந்தம் வேண்டாமென்று தோன்றினால், “ஒத்து வரவில்லை” என்ற ஒரு சொல் போதும். அந்தக் காகிதத்தில் முதல் மனைவியின் பெயரும் இருக்கிறது. அவளும் ஒரு வீட்டுப் பெண்தான். அவளைப் பற்றிப் பேச உங்களுக்கு யாரும் உத்தரவு தரவில்லை. விவாகரத்தான வாலிபனுக்கும் ஒரு வார்த்தை: பிறர் தோண்டியெடுக்குமுன் நீயே சொல்லிவிடு. நீ சொன்னால் அது நேர்மை. அவர்கள் கண்டுபிடித்தால் அது கபடம்.

சேசுநாதர் சமாரியப் பெண்ணின் ஐந்து புருஷர்களையும் அறிந்திருந்தார். அதை அவர் சொன்னது கிணற்றடியில், சீஷர்கள் உணவு வாங்கப் பட்டணம் போயிருந்த வேளையில், அவளிடமே. அவளைக் கரையேற்றுவதற்காகச் சொன்னார், வெட்கப்படுத்துவதற்காக அல்ல. ஊராருக்கு அதைப் பிரசித்தம் செய்தவளோ அவளேதான், அதுவும் சந்தோஷத்தோடு. பிறனுடைய பழங்கதை நம் கையில் வந்து சேரும் நாளில், இந்த அளவுகோலால் நம்மை அளந்து பார்த்துக்கொள்வோமாக.